படைவீரரும் பாழ்நிலமும்

போரினின்று மீண்ட வீரர்களுக்கு நிலம் அளித்துக் குடியமர்த்துவது உலகில் தொன்றுதொட்டு வந்த வழக்கம். உரோமப் பேரரசு அவ்வாறு செய்தது. ஆங்கில ஆட்சியும் பஞ்சாபின் கால்வாய்க் குடியிருப்புகளில் ஓய்வுபெற்ற சிப்பாய்களுக்கு நிலம் வழங்கியது. அங்கெல்லாம் நிலத்தை அளித்தது அரசு. இங்கு நாம் காணப்போவதோ, ஈரமற்ற தம் ஊருக்கே திரும்பிவந்து, அவ்வூர் மண்ணையும் நீரையும் காக்க முற்பட்ட ஒரு வீரரின் வரலாறு. மும்பையிலும் புணேயிலும் வாழும் நம் மக்களுக்கு அது தொலைதூரத்துச் செய்தி அன்று.

புணேயிலிருந்து அகமதுநகருக்குச் செல்லும் நெடுஞ்சாலையினின்று சற்றே விலகி, பார்னேர் வட்டத்தில் அமைந்துள்ளது ராலேகான் சித்தி என்னும் சிற்றூர். அகமதுநகர் மாவட்டம் 2024-இல் அகில்யாநகர் எனப் பெயர் மாற்றம் பெற்றது. மேற்குத் தொடர்ச்சி மலை மேகங்களைத் தடுத்துவிடுவதால், இது மழைநிழற் பகுதியாகும். பெய்யும் சிறு மழையும் மொட்டைக் குன்றுகளில் நில்லாது, மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடிவிடும். 1975-ஆம் ஆண்டளவில் ஊரின் விளைநிலத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் பாசனம் இல்லை. நிலம் உடையவர்களும் கூலி தேடி வெளியூர் சென்றனர். உழவு பொய்த்த ஊரில் சாராயம் காய்ச்சுவதே பலருக்குத் தொழிலாயிற்று. யாதவபாபா கோயிலின் மரங்களைக்கூடப் பெயர்த்து அடுப்பெரித்தனர் என்பர்.

இவ்வூரைப் பூர்விகமாகக் கொண்ட சிறு நிலக்காரர் குடும்பத்தில் 1937-இல் பிறந்தவர் கிசன் பாபுராவ் ஹசாரே. பின்னாளில் நாடு அவரை அண்ணா ஹசாரே என்று அறிந்தது. வறுமை காரணமாக இளமையில் மும்பைக்குச் சென்று, தாதர் பகுதியில் பூ விற்றார். 1960-களின் தொடக்கத்தில் படையிற் சேர்ந்து வண்டியோட்டியானார். 1965-ஆம் ஆண்டுப் போரில், கேம்கரண் முனையில் தம்முடன் இருந்தோர் மடியத் தாம் மட்டும் உயிர்பிழைத்ததாக அவர் கூறியுள்ளார். எஞ்சிய வாழ்நாள் பிறருக்கே உரியது என்னும் எண்ணம் அப்போது அவருள் வேரூன்றியது. 1975-இல் படையினின்று விலகி ஊர் திரும்பிய அவர், தமக்குக் கிடைத்த தொகையைக் கொண்டு முதலில் கோயிலைச் செப்பனிட்டார். ஊரார் கூடிப் பேச ஓர் இடம் அதனால் உண்டாயிற்று.

அடுத்து அவர் கருத்தைச் செலுத்தியது ஊரின் கசிவுநீர்க் குட்டை. இத்தகைய குட்டையிலிருந்து வயலுக்கு நேரே நீர் பாய்ச்சுவதில்லை. தேங்கிய நீர் மெல்ல நிலத்துள் இறங்கிக் கீழ்ப்புறத்துக் கிணறுகளில் ஊறும். ஆனால் அவ்வூர்க் குட்டையின் கரையே ஒழுகியது. நீர் மண்ணுள் இறங்குமுன் வெளியேறிற்று. ஊரார் தம் உடலுழைப்பை நல்கிக் கரையை அடைத்தனர். மராத்தியர் இதனைச் சிரமதான் என்பர். நம் நாட்டில் ஏரி காக்க வழங்கிய குடிமராமத்து இதற்கு நெருங்கிய உறவு. கரை உறுதிப்பட்டபின் கீழ்ப்புறத்து ஏழு கிணறுகளில் கோடையிலும் நீர் நின்றது. பிறகு குன்றுச் சரிவுகளில் சமமட்ட வாய்க்கால்கள் வெட்டினர், ஓடைகளின் குறுக்கே தடுப்பணைகள் கட்டினர், மரங்கள் நட்டனர்.

அணை கட்டுவது எளிது. அதனால் பெருகிய நீரைக் காப்பது அரிது. கிணற்றில் நீர் கண்டவுடன் எவனும் கரும்பு நடவே விழைவான். அதே மாவட்டத்துப் பிரவராநகரில் 1950-களின் தொடக்கத்திலேயே கூட்டுறவுச் சர்க்கரை ஆலை எழுந்து, கரும்பே செல்வமென விளங்கிய காலம் அது. ஆயினும் ராலேகான் சித்தி மக்கள், நீரை மிகுதியாக உண்ணும் பயிர் வேண்டா என்று முடிவு செய்தனர். மரம் வெட்டலாகாது, கால்நடைகளைக் கட்டவிழ்த்து மேய விடலாகாது என்பனவும் விதிகளாயின. புல் வளர்ந்தது, பால் பெருகியது, வெங்காயமும் பருப்பு வகைகளும் விளைந்தன. விளைச்சலில் ஒரு பகுதியைச் சேமித்து, இல்லாதவர்க்குக் கடனாக வழங்கும் தானிய வங்கியும் தோன்றியது. ஒருவன் தன் கிணற்று நீரைத் தன் விருப்பம்போல் இறைக்கும் உரிமையைச் சற்றே விட்டுக்கொடுத்ததனால் அனைவர் கிணறும் நிறைந்தது என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

படையின் கட்டுப்பாடே இதற்குத் துணை நின்றது என்று சொல்வோர் உண்டு. அதில் உண்மையும் உண்டு, ஊறும் உண்டு. குடியை விடாதவர்களைக் கம்பத்தில் கட்டி அடித்ததை ஹசாரே மறைத்ததில்லை; தாய் தன் பிள்ளையைக் கண்டிப்பதற்கு அதனை ஒப்பிட்டார். ஆனால் வயது வந்த குடிமகன் எவர்க்கும் பிள்ளையல்லன்; தண்டிக்கும் அதிகாரம் சட்டத்துக்கன்றி ஊர்க்கூட்டத்துக்கும் இல்லை. எளியோர் குரல் இத்தகைய ஒழுங்கில் அடங்கிப்போகும் என்று ஆய்வாளர் சிலர் கண்டித்தனர். இக்கண்டனத்தைப் புறக்கணித்து இவ்வூரின் புகழை மட்டும் பாடுதல் முறையன்று. கரும்பைத் தவிர்த்தது கூடிப் பேசி ஒப்பிய கட்டுப்பாடு. கம்பத்தில் கட்டியது அச்சத்தால் வந்த கட்டுப்பாடு. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

அவ்வேறுபாட்டை விளக்க அண்மையிலேயே ஒரு சான்று உள்ளது. அதே மாவட்டத்து ஹிவரே பஜார் என்னும் ஊரில், 1990-ஆம் ஆண்டையொட்டிப் போபட்ராவ் பவார் ஊர்த்தலைவரானார். அவர் படைவீரர் அல்லர். படித்துப் பட்டம் பெற்ற இளைஞர். ராலேகான் சித்தியின் வழியைப் பின்பற்றி அவ்வூரும் மண்ணையும் மழைநீரையும் காத்தது. பெய்த மழையை அளந்து, குடிநீருக்கும் கால்நடைக்கும் ஒதுக்கியது போக, எஞ்சிய நீருக்கு எப்பயிர் ஏற்றது என்று ஊர்ச்சபை கூடி முடிவு செய்யும் முறையை அது வகுத்துக்கொண்டது. மராட்டிய மாநில அரசும் ராலேகான் சித்தியை முன்மாதிரியாகக் கொண்டு 1992-இல் இலட்சிய கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. ஹசாரேக்கு அவ்வாண்டே பத்மபூஷண் விருது கிடைத்தது.

ஆகவே, படைவீரர் ஊருக்குக் கொணர்ந்த கொடைகளில் நிலைத்தது எது என்று வினவின், அது கரையடைத்த கூட்டுழைப்பும், இருக்கும் நீருக்கு ஏற்பப் பயிரிடும் வழக்கமுமே ஆகும். வேலை தேடித் தாயகம் விட்டு வந்த நாம், நீர் வற்றுவதால் ஊர் காலியாவதை அறிந்தவர்கள். போனவர்கள் திரும்பிவர முதலில் கிணறு ஊற வேண்டும். கிணறு ஊற, அயலார் கிணற்றையும் எண்ணிப் பயிரிட வேண்டும்.