கழற்ற முடிந்த டயரின் கதை



சென்ற பள்ளி விடுமுறையில், வீட்டில் மண் அள்ளப் பயன்படுத்தும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியின் டயர் வெடித்துக் கிழிந்துவிட்டது. கடைக்காரரிடம் கொடுத்து மாற்றியிருக்கலாம். ஆனால், நண்பர் ஒருவரிடம் சிறிய டயர்களைக் கையாலேயே கழற்றி மாட்டும் கருவி இருந்தது. நடுவில் ஒரு தண்டு, டயரை அழுத்தி ரிம்மிலிருந்து பிரிக்க ஒரு நெம்புகை, கழற்றவும் மாட்டவும் ஒரு நீண்ட இரும்புக் கோல், அவ்வளவுதான். இரவல் வாங்கி வந்து வேலையைத் தொடங்கினேன்.

அரை மணி நேரம் போராடினேன். டயர் கொஞ்சமும் அசையவில்லை. வியர்வையில் சட்டை நனைந்ததுதான் மிச்சம். வாசலில் நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் தந்தையார், எண்பது வயதைக் கடந்தவர், மெல்லச் சொன்னார்: "பலத்தக் காட்டாதடா. எதிர்ப்பக்கத்தப் பள்ளத்துல இறக்கு. இந்தப் பக்கம் தானா வரும்."

அப்படியே செய்தேன். இரண்டே நிமிடத்தில் டயர் கையோடு வந்துவிட்டது.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தப் பள்ளம் ஏன் அங்கே இருக்கிறது? யார் வைத்தது? ஆண்டுதோறும் மாணவர்களிடம் "டயரைக் கண்டுபிடித்தவர் யார்?" என்று கேட்டு, "டன்லப்" என்ற ஒற்றை விடைக்கு மதிப்பெண் வழங்கிவந்த ஆசிரியன் நான். அந்த விடை எவ்வளவு குறையுடையது என்பதைத் தேடிப் படித்தபோது உணர்ந்தேன். அதனை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காற்றை அடைத்தவர்கள்

இயற்கை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும். குளிரில் விறைத்து வெடிக்கும். 1839-ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அக்குறை நீங்குவதைக் கண்டார். அதன் பிறகே ரப்பர், சக்கரத்துக்கு ஏற்ற பொருளாயிற்று.

காற்றடைத்த டயருக்கு முதன்முதலில் காப்புரிமை பெற்றவர் டன்லப் அல்லர். ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-ஆம் ஆண்டில், தமது 23-ஆம் வயதில், அதனைப் பெற்றுவிட்டார். ரப்பர் பூசிய துணிக் குழாயில் காற்றை நிரப்பி, அதன் மேல் தோலுறை போர்த்திக் குதிரை வண்டிச் சக்கரத்தில் பொருத்தினார். வண்டி மெத்தென்று ஓடியது. ஆயினும் அந்தத் தோலுறை திருகாணிகளால் சக்கரத்தோடு இறுக்கப்பட்டிருந்தது. செய்வதும் கடினம், பழுதுபார்ப்பதும் கடினம். அக்காலத்தில் மிதிவண்டிகளும் பரவியிருக்கவில்லை. உலகம் அக்கண்டுபிடிப்பை மறந்துபோனது.

ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பின், பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர மிதிவண்டிக்காகக் காற்றடைத்த டயரைத் தாமாகவே உருவாக்கினார். 1888-ஆம் ஆண்டில் காப்புரிமையும் பெற்றார். தாம்சனைப் பற்றி அப்போது அவர் அறிந்திருக்கவில்லை. பின்னர் தாம்சனின் பழைய காப்புரிமை வெளிப்பட்டதால், டன்லப்பின் காப்புரிமை செல்லாது என்றாகிவிட்டது. ஆகவே, டன்லப் காற்று டயரை முதலில் கண்டவர் அல்லர். அதனைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் என்பதே சரியான கூற்று.

கழற்ற வழி கண்டவர்கள்

டன்லப்பின் டயரிலும் ஒரு பெருங்குறை இருந்தது. துணியை ரிம்மைச் சுற்றி இழுத்து, ரப்பர்ப் பசையால் ஒட்டியிருந்தார்கள். முள் ஒன்று குத்திவிட்டால் ஒட்டியதைப் பிய்த்தெடுக்க வேண்டும். ஓட்டையை அடைக்க வேண்டும். மீண்டும் ஒட்டிக் காய வைக்க வேண்டும்.

1889-ஆம் ஆண்டில் பிரான்சின் கிளெர்மோன் ஃபெரான் நகரிலிருந்த மிஷெலின் குடும்பத்தின் தொழிற்சாலைக்கு ஒருவர் இத்தகைய டயரோடு வந்தார். பழுதுபார்க்க ஏறத்தாழ மூன்று மணி நேரம் பிடித்ததாகவும், பசை காய ஓர் இரவு தேவைப்பட்டதாகவும் சொல்வார்கள். மறுநாள் எடுவார் மிஷெலின் அவ்வண்டியை ஓட்டிப் பார்த்தார். சுகமான ஓட்டம், ஆனால், சிறிது தொலைவிலேயே மீண்டும் காற்று இறங்கிவிட்டது. அவர் பெற்ற பாடம் இதுதான்: காற்று டயர் நல்லது; அதனைச் சாதாரண மனிதன் வழியிலேயே கழற்றி மாட்டக் கூடியதாக இருக்க வேண்டும்.

1891-ஆம் ஆண்டில் மிஷெலின் சகோதரர்கள் கழற்றக்கூடிய டயருக்குக் காப்புரிமை பெற்றனர். அதே ஆண்டு பாரிசிலிருந்து பிரெஸ்ட் சென்று திரும்பும், ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் மிதிவண்டிப் பந்தயத்தில், அந்த டயரோடு ஓடிய ஷார்ல் தெரோன் 72 மணி நேரத்துக்குள் ஓடி முடித்து வெற்றி பெற்றார். அடுத்த ஆண்டு தாங்களே நடத்திய பந்தயத்தில், பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று காட்டுவதற்காகவே பாதையில் ஆணிகளைத் தூவச் செய்தார்கள் என்பது புகழ்பெற்ற செய்தி.

இதற்கு முன்பே, 1890-ஆம் ஆண்டில், பிரிட்டனில் இருவர் இதே சிக்கலுக்கு வேறு வழிகளைக் கண்டிருந்தனர். வில்லியம் பார்ட்லெட் என்பவரின் டயர், ரிம்மின் வளைந்த ஓரத்தில் கொக்கிபோல் மாட்டிக்கொண்டு, உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தத்தாலேயே இறுகி நின்றது. சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் என்பவரோ டயரின் இரு உள்வளையங்களிலும் நீளாத கம்பியை வைத்தார். ரிம்மின் நடுவில் ஒரு பள்ளத்தையும் வைத்தார்.

என் தந்தையார் சொன்ன பள்ளம் அதுதான்.

பள்ளத்தின் கணக்கு

ஆசிரியர்களுக்கு இது பயன்படும் என்பதால் சற்று விளக்குகிறேன். தள்ளுவண்டி டயரின் பக்கவாட்டில் 4.00-8 என்பதைப் போன்ற எண்கள் இருக்கும். பின்னால் உள்ள 8 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். டயரின் உள்வளையமும் ஏறக்குறைய அதே அளவுதான். அதன் சுற்றளவு 25 அங்குலம். வயலுக்கு வரப்பு இருப்பதைப் போல் ரிம்மின் இரு ஓரங்களும் உயர்ந்திருக்கும். வரப்பின் உயரம் அரை அங்குலம் என்று கொண்டால், அங்கே விட்டம் 9 அங்குலம். சுற்றளவு 28 அங்குலத்துக்கும் மேல். உள்ளே இருப்பது எஃகுக் கம்பி, அது நீளாது. 25 அங்குல வளையம் 28 அங்குல வரப்பை எப்படித் தாண்டும்?

வளையல் அணியும் பெண்களுக்கு விடை தெரியும். வளையல் விரிவதில்லை, கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையைத்தான் ஒடுக்குகிறோம். அதுபோல், வளையத்தின் ஒரு பக்கத்தை நடுப்பள்ளத்தில் இறக்கிவிட்டால், எதிர்ப்பக்கத்தில் அந்த அளவுக்குத் தளர்வு கிடைக்கிறது. பள்ளத்தின் ஆழம் வரப்பின் உயரத்துக்குக் குறையாமல் இருந்தால் போதும், வளையம் தாண்டிவிடும். நான் அரை மணி நேரம் செய்த தவறு என்ன? கோலை நெம்பிய இடத்திலேயே கண்ணாக இருந்து, எதிர்ப்பக்கம் பள்ளத்திலிருந்து மேலேறிக் கிடந்ததைக் கவனிக்கவில்லை. சிறிய டயர்களில் வளையம் குட்டையாகவும் விறைப்பாகவும் இருப்பதால், பெரிய டயரைவிட இவற்றில்தான் இத்தவறு அதிகமாக வாட்டும்.

வீட்டில் செய்து பார்க்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள். முதலில் வால்வின் உள்ளூசியைக் கழற்றிக் காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். சில தள்ளுவண்டிகளின் ரிம் இரண்டு தட்டுகளைத் திருகாணியால் இணைத்ததாக இருக்கும். காற்று இருக்கும்போது அத்திருகாணிகளைத் தொடவே கூடாது, தட்டுகள் வெடித்துப் பிரியும். கருவியை அசையாதபடி தரையோடு பொருத்திக்கொள்ள வேண்டும். டயரின் இரு பக்கங்களையும் ரிம்மிலிருந்து நன்றாகப் பிரித்து, சவர்க்கார நீர் தடவி, எதிர்ப்பக்கத்தை முழங்காலால் பள்ளத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு, சிறிது சிறிதாக நெம்ப வேண்டும். மாட்டும்போதும் அதே முறைதான். டியூப் இருந்தால் அதனைக் கோல் கடித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காற்றடிக்கும்போது டயரின் மேல் குனியாமல், அதில் அச்சிட்டிருக்கும் அழுத்தத்துக்கு மேல் போகாமல் நிறுத்திவிட வேண்டும்.

பால் எங்கிருந்து வந்தது?

இதுவரை சொன்னது ஐரோப்பாவில் நடந்த கதை. மறுபாதி நம் மண்ணில் நடந்தது.

1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம், பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அவற்றில் முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூரை அடைந்தன. டன்லப் காப்புரிமை பெற்ற அதே 1888-ஆம் ஆண்டில், ஹென்றி ரிட்லி சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தவர் அவர். ரப்பர் நடுங்கள் என்று தோட்டக்காரர்களிடம் அவர் ஓயாமல் வற்புறுத்தியதால் அவரைப் "பைத்தியக்கார ரிட்லி" என்றே கேலி செய்தார்கள். 1896-ஆம் ஆண்டில் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர்த் தோட்டம் தொடங்கினார். அதற்குள் டயர், மிதிவண்டியிலிருந்து மோட்டார் வண்டிக்குத் தாவிவிட்டது. 1910-இல் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது.

காடு அழிந்து தோட்டமாயிற்று. அத்தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து நம் முன்னோர் முதலில் ஒப்பந்தக் கூலிகளாகவும், பின்னர் கங்காணிகள் வழியாகவும் கொண்டுவரப்பட்டனர். இருள் பிரியும் முன் எழுந்து, கொசுக்கடியில் மரம் மரமாகச் சீவி, மங்கில் வடிந்த பாலைச் சேர்த்துச் சுமந்தவர்கள் அவர்கள். ஒட்டுப்பாலையும் வீணாக்காமல் பொறுக்கினார்கள். அத்தோட்டங்களில்தான் நம் தமிழ்ப்பள்ளிகளும் பிறந்தன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது.

இங்கே என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்த செய்தி ஒன்று உண்டு. தன் சொந்தக் காப்புரிமை செல்லாமற்போன டன்லப் நிறுவனம், வெல்ச்சின் காப்புரிமையை விலைக்கு வாங்கியே நிலைபெற்றது. அதே நிறுவனம் 1910 முதல் மலாயாவில் ரப்பர்த் தோட்டங்களையும் வாங்கியது. பள்ளமும் பாலும் ஒரே கைக்குப் போயின. வெல்ச்சின் பெயர் காப்புரிமைப் பத்திரத்தில் இருக்கிறது. பால் சீவியவர்களின் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. செக்ரோல் புத்தகத்தில் ஒரு வரியாக இருந்து, அப்புத்தகத்தோடு அழிந்திருக்கும்.

வகுப்பறைக்கு ஒரு வேண்டுகோள்

என் தந்தையார் முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். ஓய்வு நேரத்தில் லயத்து மிதிவண்டிகளுக்கெல்லாம் டயர் மாற்றிக் கொடுத்தவர். அவர் வேலை செய்த தோட்டம் இன்று செம்பனைக் காடு. சிறுவயதில் நான் அருகில் போய் நின்றால், "உனக்கு இது வேணாம், போய்ப் படி" என்று விரட்டுவார். அவருடைய கை பட்ட துன்பம் என் கைக்கு வரக்கூடாது என்ற அன்பு அது. அந்த அன்பினால் நான் ஆசிரியனானேன். அதே அன்பினால், அவர் கையிலிருந்த அறிவு என்னிடம் வராமலே போய்விட்டது. அவர் மிதிவண்டியில் கற்ற அந்த உத்தியை ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, ஒரு தள்ளுவண்டிச் சக்கரத்தின் முன்னால் அமர்ந்து அவரிடம் கற்றுக்கொண்டேன்.

ஆசிரியர்களே, அடுத்த முறை டயரைப் பற்றிப் பாடம் நடத்தும்போது ஒரு பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். பழைய தள்ளுவண்டிச் சக்கரம் ஒன்றை, டயரைக் கழற்றி வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். மாணவர்கள் விட்டத்தை அளக்கட்டும். பள்ளத்தை விரலால் தொட்டுப் பார்க்கட்டும். தாம்சனையும் டன்லப்பையும் வெல்ச்சையும் மிஷெலினையும் சொல்லுங்கள். ரிட்லியையும் சொல்லுங்கள். பிறகு, "உங்கள் வீட்டில் பால்மரம் சீவியவர் யார்? அவர் பெயர் என்ன?" என்று கேளுங்கள்.

பெற்றோர்களே, அந்தக் கேள்வியோடு பிள்ளை வீட்டுக்கு வரும்போது அதற்குரிய பெயரைச் சொல்லிக் கொடுங்கள். தாத்தாவோ பாட்டியோ உடனிருந்தால் அவர்களே சொல்லட்டும். நானும் என் பங்குக்கு, பழைய விடையையே எழுதிவந்த என் பாடக்குறிப்பைத் திருத்தி எழுதிவிட்டேன்.