கொம்புக்கு அடிச்ச காவியும் காருக்கு அடிக்கிற ரப்பர் பெயிண்டும்



பாடியைத் தாண்டி மண்ணூர்பேட்டை, அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் வர்றவங்களுக்கு டிங்கரிங், பெயிண்டிங் ஷெட் எல்லாம் புதுசு இல்லை. காரைக் கொண்டுவர்ற இளவட்டங்க இப்போ அங்கே கேக்கிற கேள்விதான் புதுசு. "அண்ணே, உரிச்சு எடுக்கிற பெயிண்ட் அடிப்பீங்களா?" பிளாஸ்டி டிப்னு ஒரு கம்பெனி பேர், பொதுவா ரப்பர் பெயிண்ட்னு சொல்றாங்க. கேன்ல வருது, வீட்லயே அடிச்சுக்கலாம். பளபளன்னு இருக்கிற வெள்ளைக் காரு மங்கலான கறுப்பா மாறிடும். அலுத்துப் போச்சுன்னா ஓரத்தை நகத்தால கிளப்பி இழுத்தா தோலு மாதிரி வந்துடும். உள்ளே பழைய வெள்ளை அப்படியே இருக்கும்.

ஏதோ வெளிநாட்டு விந்தைன்னு நினைக்க வேண்டாம். கொஞ்ச நாளைக்கு ஒரு நிறம், அப்புறம் வேற நிறம்ங்கிறது நம்ம ஊர்ல ரொம்பப் பழைய பழக்கம். நடுவுல ஒரு நூறு வருஷம் அது விட்டுப் போயிருந்தது, அவ்வளவுதான். எப்படி விட்டுப் போச்சு, எப்படித் திரும்பி வந்துச்சுங்கிறதைத்தான் இந்தப் பதிவுல எழுதுறேன்.

காருக்கு முன்னாடி நம்ம வண்டின்னா மாட்டு வண்டி. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டைக் குளிப்பாட்டி, கொம்பைச் சீவி, காவியோ நீலமோ பூசுவோம். வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு. பழவேற்காடு பக்கம் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு அது. காவின்னா செம்மண் கல்லு. இந்த நிறங்கள் எதுவும் நிரந்தரம் இல்லை. மாடு மரத்துல கொம்பைத் தேய்ச்சா போயிடும், மழை வந்தா சுவரு வெளுத்துடும். அதனாலதான் பொங்கலுக்குப் பொங்கல் புதுசா அடிச்சோம். போன வருஷம் காவின்னா இந்த வருஷம் நீலம். யாரையும் கேக்க வேண்டியதில்லை. உதிர்ந்தது மண்ணோட மண்ணாப் போச்சு.

பணக்காரங்க வண்டிக்கு வேற கதை. மெட்ராஸ்ல சிம்சன் கம்பெனி 1840-ல குதிரை வண்டி கட்டுறதுல ஆரம்பிச்சது. அதே சிம்சன்லதான் 1903-ல சாமுவேல் ஜான் கிரீன்ங்கிறவர் நீராவிக் காரு ஒண்ணைச் செஞ்சு ஓட்டினார். அந்தக் காலத்துக் கோச்சு வண்டிக்குப் பெயிண்ட்னா எண்ணெயில குழைச்ச வர்ணம், பிரஷ்ஷால பூச்சு மேல பூச்சு, ஒவ்வொண்ணும் காய்ஞ்சதும் தேய்ப்பு, கடைசியா வார்னிஷ். ஒரு வண்டி முடியறதுக்கு வாரக்கணக்குல ஆகும். மோட்டார் காரு வந்த பிறகும் உலகம் பூரா இதே கைவேலைதான் கொஞ்ச காலம் நடந்துச்சு.

அமெரிக்காவுல ஃபோர்டு 1908-ல மாடல் டி காரை விட்டார். தயாரிப்பு வேகமாச்சு, பெயிண்ட் காயறது மட்டும் ஆகலை. 1914-லேர்ந்து 1925 வரைக்கும் அந்தக் காரு கறுப்புல மட்டும்தான் வந்துச்சு. சீக்கிரம் காயற பெயிண்ட் கறுப்புலதான் இருந்ததுங்கிறதை ஒரு காரணமாச் சொல்வாங்க. நிறத்தை வாங்குறவன் தீர்மானிக்கிற வழக்கம் போய், தொழிற்சாலையோட வேகம் தீர்மானிக்க ஆரம்பிச்சது அப்போதான்.

அடுத்த திருப்பம் பருத்தியில வந்துச்சு. விவசாயிங்கிறதால இதைச் சொல்லாம விட முடியலை. பருத்தி நாரை நைட்ரிக் அமிலத்துல நனைச்சுப் பக்குவம் பண்ணா நைட்ரோ செல்லுலோஸ் கிடைக்கும். துப்பாக்கி மருந்து அதுலதான் செஞ்சாங்க. முதல் உலகப் போர் 1918-ல முடிஞ்சதும், மருந்து செஞ்ச டியூபான்ட் கம்பெனிக்கு அந்தச் சரக்கை வேற எதுல விக்கிறதுன்னு யோசனை. அதைக் கரைச்சு வண்ணம் சேர்த்து 1923-ல டியூகோன்னு ஒரு பெயிண்ட்டை இறக்கினாங்க. வாரக்கணக்குல காய்ஞ்சது மணிக்கணக்குல காய ஆரம்பிச்சது. நூறு வருஷம் ஆச்சு, பெயிண்ட்டோட சேர்மானமே மாறிப் போச்சு, ஆனா நம்ம ஷெட்டுல இன்னும் "டூகோ பெயிண்டிங்"னுதான் சொல்றாங்க. போர்டுல இருக்கிற அந்தச் சொல்லு போர்க்களத்துலேர்ந்து வந்தது.

கூட வந்த சாமான்களுக்கும் கதை இருக்கு. ஸ்ப்ரே கன்னோட மூலம் ஒரு தொண்டை டாக்டரோட மருந்துத் தெளிப்பான். டிவில்பிஸ்ங்கிற அந்த டாக்டர் தொண்டையில மருந்து அடிக்கச் செஞ்சதை, அவர் மகன் 1907-ல பெயிண்ட் அடிக்கிறதுக்கு மாத்தினார். நாம வயல்ல தோள்ல மாட்டிக்கிற ஸ்பிரேயர் செய்யறதும் இதே வேலைதான், நீர்மத்தைப் பொடித் துளியா உடைக்கிறது. 1920-கள்ல காருக்கு ரெண்டு நிறம் அடிக்கிற மோகம் வந்தப்போ, பிரிச்சு அடிக்கிறதுக்கு ஒட்டின காகிதம் பெயிண்ட்டோட சேர்ந்து உரிஞ்சு வந்து தொல்லை கொடுத்துச்சு. அதைப் பார்த்துட்டு 3எம் கம்பெனியில வேலை பார்த்த ரிச்சர்டு ட்ரூ 1925-ல மாஸ்கிங் டேப்பைக் கண்டுபிடிச்சார். ஒட்டணும், ஆனா வலிக்காம உரியணும். உரிக்கிற பெயிண்ட்டுக்குப் பின்னால இருக்கிற யோசனையும் இதுதான்.

நம்ம பக்கம் வருவோம். 1948-ல எண்ணூர்ல அசோக் மோட்டார்ஸ் (பின்னாடி அசோக் லேலண்ட்), 1949-ல டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி தொடங்கி அம்பத்தூர்ல ஆலை, 1955-ல திருவொற்றியூர்ல என்ஃபீல்டு, 1960-கள் தொடக்கத்துல பெருங்களத்தூர் ஸ்டாண்டர்டு ஆலையிலேர்ந்து ஹெரால்டு காரு, பாடியில வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., அப்புறம் அம்பத்தூர் தொழிற்பேட்டை. மெட்ராஸைச் சுத்தி இரும்பு வேலை பெருகப் பெருக, அதுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலையும் பெருகிச்சு. பவுடர் கோட்டிங், ஸ்ப்ரே பெயிண்டிங்னு சின்னச் சின்ன ஷெட்டு. என்ஃபீல்டு புல்லட் டேங்க்ல ஓடுதே அந்தத் தங்கக் கோடு, அதை ரொம்ப காலம் கையால, பிரஷ்ஷாலதான் இழுத்தாங்க.

அந்தக் காலத்து அம்பாசடர், ஹெரால்டு வச்சிருந்தவங்களுக்கு ரீ-பெயிண்ட் சாதாரணம். துரு வந்தா தட்டி, பட்டி போட்டுத் தேய்ச்சு, வேற கலர் அடிச்சு, ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எழுதி வாங்கிட்டு வந்துடுவாங்க. மகளுக்குக் கல்யாணம்னா காருக்கும் புதுப் பூச்சுன்னு இருந்த வீடுகள் உண்டு.

1998-ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் சான்ட்ரோ வந்த காலத்துக்கு அப்புறம் நிலைமை மாறுச்சு. இப்போ வர்ற காருல உடம்பையே தொட்டியில முக்கி, மின்சாரம் பாய்ச்சி அடிப்பூச்சு ஏத்துறாங்க. அது மேல பிரைமர், நிறம், கிளியர் கோட், எல்லாத்தையும் அடுப்புல வாட்டி எடுக்குறாங்க. தெருவோரத்துல யாராலயும் அந்த உறுதியைக் கொண்டுவர முடியாது. அதனால பழைய காரு வாங்க வர்றவன் முதல்ல கேக்கிறதே "ஒரிஜினல் பெயிண்டா?"ன்னுதான். பூச்சு எவ்வளவு கனம்னு அளக்கிற கருவியை வச்சே பார்க்கிறாங்க. வேற பெயிண்ட் அடிச்சிருந்தா, அடி வாங்கின வண்டியோன்னு சந்தேகம், விலை இறங்கும். லட்சக்கணக்குல கடன் வாங்கிக் காரு எடுத்தவன், தன் காருக்குப் பிடிச்ச நிறம் அடிக்கப் பயப்படுறான். நிறம் நல்லா நிலைச்சிடுச்சு, ஆனா அது வச்சிருக்கிறவன் கையை விட்டுப் போச்சு. உரிக்கிற பெயிண்ட் இந்த இடத்துலதான் நுழைஞ்சது.

அதோட பிறப்பும் போர்லதான். ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் அமெரிக்கக் கடற்படை வேலையில்லாத கப்பல்களை நிறுத்தி வச்சது. பீரங்கி துருப்பிடிக்காம இருக்க, அதைச் சுத்திப் பின்னல் மாதிரி கட்டி, மேலே பிளாஸ்டிக் பாலைத் தெளிச்சு மூடினாங்க. பட்டுப்புழு கூடு கட்டுற மாதிரி. வேணும்ங்கிறப்போ வெட்டி உரிச்சுட்டுப் பீரங்கியை எடுத்துக்கலாம். அதே போர்ல கொசுவுக்கு அடிக்கச் செஞ்ச டப்பாவைப் பார்த்துத்தான் 1949-ல எட்வர்டு சீமோர் ஸ்ப்ரே பெயிண்ட் கேனைக் கொண்டுவந்தார். பிளாஸ்டி டிப் 1972-ல வந்தப்போ காருக்கு வரலை. கட்டிங் பிளேயர், ஸ்பேனர் பிடியை முக்கி எடுக்கிற ரப்பர் பூச்சா வந்துச்சு. அதைக் கேன்ல அடைச்ச பிறகு யாரோ வீல்ல அடிச்சுப் பார்த்தாங்க, அப்புறம் காரு முழுக்க.

சூட்சுமம் ரொம்ப எளிசு. கஞ்சி காய்ஞ்ச பாத்திரத்துல ஓரத்தைப் பிடிச்சு இழுத்தா ஏடா வருதே, அதுதான். சாதாரண பெயிண்ட்டுக்கு முதல்ல உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, பிரைமர் அடிச்சுப் பிடிமானம் கொடுக்கணும். இதுக்கு அது கூடாது, வழவழன்னு சுத்தமா இருக்கணும். ரப்பர் தன்னைத் தானே பிடிச்சுக்கிற பலம், காரைப் பிடிச்சுக்கிற பலத்தை விட அதிகம். அதனால ஏடா வருது. நாலஞ்சு பூச்சாவது கனமா விழணும். சிக்கனம் பார்த்து மெலிசா அடிச்சா உரிக்கும்போது துணுக்குத் துணுக்காக் கிழியும். டேங்க் மூடி பக்கம் பெட்ரோல் சிந்தினா அந்த இடம் இளகிடும்.

நகரத்து நண்பர்கள் ரெண்டு விஷயத்தைக் கவனிக்கணும். ஒண்ணு, ஆர்.சி. புத்தகத்துல வண்டியோட நிறம் எழுதியிருக்கு. உரிச்சுக்கலாம்னாலும், முழுக் காரோட நிறம் மாறினா ஆர்.டி.ஓ.வுக்குச் சொல்லிப் பதிஞ்சாகணும். ராணுவப் பச்சை ராணுவத்துக்கு மட்டும்தான், ஆசைக்குக் கூட அடிக்கக் கூடாது. மாட்டுக் கொம்புக்கு யாரும் கணக்கு வைக்கலை, காருக்கு வைக்கிறாங்க. திருட்டு, விபத்துன்னு வந்தா முதல்ல கேக்கிறது வண்டி என்ன கலருன்னுதானே.

இன்னொண்ணு, மூச்சு. ஷெட்டுல டூ-பேக் பெயிண்ட் அடிக்கிற பையன் கைக்குட்டையை மூக்குல கட்டிக்கிட்டு நிக்கிறான். அந்தப் பெயிண்ட்டோட ஹார்டனர்ல இருக்கிற ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும்னு தெரிஞ்ச விஷயம். ரப்பர் பெயிண்ட் கேன்ல அது இல்லைன்னாலும் தின்னர் வகைக் கரைப்பான் இருக்கு, தள்ளிவிடுற வாயு பெரும்பாலும் நம்ம சமையல் சிலிண்டர்ல இருக்கிற இனம். அபார்ட்மெண்ட் அடித்தளத்துல, காத்து வராத பார்க்கிங்ல நின்னு அடிச்சா மயக்கமும் வரும், ஒரு தீப்பொறி பட்டாத் தீயும் பிடிக்கும். வெட்ட வெளியில, சரியான முகமூடி போட்டு அடிங்க. ஷெட்டுல கொடுத்தாலும் அடிக்கிற தம்பிக்கு முகமூடி இருக்கான்னு பாருங்க.

எனக்கு ரொம்ப உறுத்துறது உரிச்ச தோலு. காவி மண்ணுக்குப் போச்சு, சுண்ணாம்பு மண்ணுக்குப் போச்சு. இது போகாது. ரப்பரும் பிளாஸ்டிக்குமா ஒரு காரு அளவு தோலு. மெலிசா அடிச்சுட்டு உரிக்க வராம, பெட்ரோலும் தின்னரும் போட்டுத் துடைச்சா அந்தக் கழுவு தண்ணி கால்வாய்க்குப் போகும். தொழிற்பேட்டைக் கழிவும் சாக்கடையும் கொரட்டூர் ஏரியில கலக்கிறதைப் பத்திப் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் ஏற்கெனவே வழக்கு போயிருக்கு. ஏரியை நம்பி நெல்லு விளைஞ்ச பூமி இது. நம்ம பங்குக்கும் கொஞ்சம் ஊத்த வேண்டாம்.

நிறம் மாத்துறது தப்புன்னு நான் சொல்ல வரலை. வச்சிருக்கிறவன் தன் வண்டியைத் தனக்குப் பிடிச்ச மாதிரி பார்க்க ஆசைப்படுறது நியாயம், நாங்க மாட்டுக்குச் செஞ்சதும் அதுதான். அடிக்கிறதுன்னா கனமா அடிங்க, முழுசா உரியும். உரிச்ச தோலைச் சுருட்டி உலர்குப்பையில கொடுங்க. போகியன்னிக்கு டயரோட சேர்த்து அதையும் கொளுத்திடாதீங்க. மறுநாள் பொங்கல் வைக்கிறப்போ அந்தப் புகையைத்தான் எல்லாரும் சுவாசிக்கணும்.