குடவோலையும் மத்தியஸ்தரும்: உத்திரமேரூர் கல்வெட்டு சொல்வது என்ன?

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகத் தெற்கே போனால் உத்திரமேரூர். கார் கம்பெனிகளும் ஷிப்டு பஸ்களும் கண்டெய்னர் லாரிகளும் பின்னால் போய், வயலும் ஏரியும் வர ஆரம்பிக்கும். ஊருக்குள் வைகுண்டப் பெருமாள் கோயில் இருக்கிறது. அதன் சுவரில்தான் பள்ளிப் புத்தகத்தில் எல்லோரும் படித்த அந்தக் குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன.

குடவோலை என்றதும் "அந்தக் காலத்துத் தேர்தல்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். ஆனால் கல்வெட்டை முழுதாகப் படித்தால் வேறு ஒன்று தெரிகிறது. யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதை விட, யாரை நம்பக்கூடாது என்பதற்குத்தான் அதில் அதிக இடம்!

முதல் கல்வெட்டு முதலாம் பராந்தக சோழனின் 12-வது ஆட்சியாண்டைச் சேர்ந்தது (கி.பி. 919). இரண்டாவது 14-வது ஆண்டு (கி.பி. 921). இரண்டு முறையும் அரசனின் அதிகாரி ஒருவர் உடன் இருக்க, ஊர்ச் சபை கூடி விதிகளை எழுதியது. ஒருமுறை எழுதிய விதிகளை இரண்டே வருடத்தில் திருத்தி, இன்னும் கடுமையாக எழுத வேண்டி வந்திருக்கிறது. முதல் விதிகள் போதவில்லை என்றுதானே அர்த்தம்?

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம், தோட்டங்களுக்குத் தோட்ட வாரியம், பொன்னின் தரம் பார்க்கப் பொன் வாரியம், பொதுக் காரியங்களுக்கு சம்வத்சர வாரியம். இது தவிர 12 சேரிகளிலும் தர்ம காரியங்களை மேற்பார்வை பார்க்க ஒரு வாரியம். (சேரி என்றால் அன்று தெரு என்ற அர்த்தம்தான்.) ஏரித் தண்ணீர் யாருக்கு முதலில் என்பது போன்ற தகராறுகள் இல்லாத ஊர் உண்டா? அவற்றைப் பார்த்துக் கொண்டவர்கள் ஊர்க்காரர்களேதான். வெளியூர் அதிகாரிகள் இல்லை. வாரியத்தாருக்குச் சம்பளம் என்ற பேச்சே இந்த இரண்டு கல்வெட்டுகளிலும் இல்லை. பதவி 360 நாள். தப்பு செய்தது தெரிந்தால் உடனே நீக்கம். ஒருமுறை இருந்தவர் அடுத்த மூன்று வருடம் வர முடியாது.

வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவருக்கு மறுபடி இடமில்லை. அவருக்கு மட்டுமல்ல, அவருடைய சித்தி, பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், தாய்மாமன், மாமனார் என்று ஒரு நீண்ட பட்டியலே உண்டு. திருடியவர், பொய்க் கையெழுத்துப் போட்டவர், ஊருக்கு முள்ளாக இருந்தவர் எல்லோருக்கும் தடை. ஊருக்கு முள்ளானவர் பரிகாரம் செய்து கொண்டாலும், உயிர் உள்ளவரை அவர் பெயர் குடத்துக்குள் போகாது.

குலுக்கலும் எல்லோர் கண்முன்னால்தான். சிறுவர் முதல் முதியவர் வரை சபை கூட வேண்டும். வயதில் மூத்த நம்பி குடத்தைத் தூக்கிக் காட்டுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்கிப் படிப்பவர் மத்தியஸ்தர். அவர் எப்படி வாங்க வேண்டும் தெரியுமா? ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும், ஓலையை மாற்றிவிடக் கூடாதே! அவர் படித்ததை அங்கே இருந்த நம்பிமார் எல்லோரும் மறுபடி வாசிப்பார்கள். இன்று சமாதானம் பேசுகிறவரை மத்தியஸ்தர் என்கிறோம். அன்று அவர் சபையின் கணக்கையும் எழுத்தையும் பார்த்தவர். நடுவில் நிற்பவரின் கையைக் கூட ஊர் சந்தேகத்தோடுதான் பார்த்திருக்கிறது.

இதற்கு நூறு வருடத்துக்கு முன், கி.பி. 800 வாக்கில், திருநெல்வேலி அருகே மானூர்ச் சபை இன்னொரு தொல்லையைச் சமாளித்தது. எந்த யோசனை வந்தாலும் "அன்று, அன்று" என்று முட்டுக்கட்டை போடுகிறவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களுக்கும் அவர்களுக்குத் துணை போகிறவர்களுக்கும் ஐந்து காசு தண்டம் என்று கல்லில் வெட்டிவிட்டார்கள். இப்படிப்பட்ட ஆட்கள் எல்லாக் காலத்திலும் உண்டு போலும்!

ஆனால் பெருமைப்படுவதோடு நிறுத்திவிட முடியாது. உத்திரமேரூர் ஒரு பிராமண ஊர், சதுர்வேதிமங்கலம். குடத்தில் பெயர் விழ வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிய வேண்டும், வயது 35-லிருந்து 70-க்குள் இருக்க வேண்டும். வேதமும் பாஷ்யமும் கற்றவருக்கு அரைக்கால் வேலி போதும். பெண்களுக்கு இடமில்லை. ஏரித் தண்ணீரை நம்பி அந்த நிலத்தை உழுதவர்களின் பெயரும் குடத்துக்குள் போகவில்லை. தீர்ப்புச் சொல்பவரைக் கட்டிப் போட அத்தனை விதி எழுதியவர்கள், தீர்ப்புக்குக் கட்டுப்பட வேண்டிய எல்லோரையும் சபையில் சேர்க்கவில்லை.

அந்தக் கேள்வி இன்றும் அதே சாலையில் இருக்கிறது. 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குறைதீர்க்கும் குழு வேண்டும், அதில் நிர்வாகமும் தொழிலாளரும் சரிபாதி இருக்க வேண்டும் என்கிறது சட்டம். 2024-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே சாம்சங் ஆலையில் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தபோது முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று, தாங்கள் அமைத்த சங்கத்துக்கு அங்கீகாரம் என்பது. அதாவது எங்களுக்காகப் பேசுகிறவரை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது. 2025 ஜனவரியில் அந்தச் சங்கம் பதிவானது.

நடுநிலையானவர் என்று யாரும் பிறப்பதில்லை. விரல்களை விரித்துக் காட்டச் சொல்லும் ஊர் இருந்தால்தான் மத்தியஸ்தர் மத்தியஸ்தராக இருப்பார். அப்படிச் சொல்லும் உரிமை யார் யாருக்கு உண்டு என்பதுதான் ஆயிரத்து நூறு வருடமாக முடியாத கேள்வி.