ஹேலோ சுற்றுப்பாதை

கிரேக்க மொழியில் 'ஹலோஸ்' என்றால் கதிரடிக்கும் வட்டக் களம். அப்பெயர் சூரிய, சந்திரத் தட்டுக்கும், பின்னர் அவற்றைச் சூழும் ஒளிவளையத்துக்கும் ஆகிவந்தது. தமிழில் இவ்வளையத்துக்கு ஊர்கோள், பரிவேடம் என்று பெயர்.

'ஹலோஸ்' வழி வந்த 'ஹேலோ' என்ற சொல்லை விண்வெளித் துறையில் புகுத்தியவர் அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் ஃபார்குவர். நிலவுக்கு அப்பாலுள்ள சமநிலைப் புள்ளியைச் சுற்றும் செயற்கைக்கோளின் பாதை, பூமியிலிருந்து பார்த்தால் நிலவைச் சூழ்ந்த வளையமாகத் தெரியும். அதனால் 1960களில் இப்பெயரை இட்டார்.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியும் இத்தகைய பாதையில்தான் சுற்றுகிறது. பூமிக்கு 15 லட்சம் கி.மீ. அப்பாலுள்ள, எல்2 எனப்படும் சூரிய-பூமிச் சமநிலைப் புள்ளியில் பொருள் எதுவும் இல்லை. ஈர்ப்பது அந்தப் புள்ளியும் அன்று. சூரியனையும் பூமியையும் இணைக்கும் கோட்டிலிருந்து எப்பக்கம் விலகினாலும், இரண்டின் ஈர்ப்பும் சேர்ந்து தொலைநோக்கியைக் கோட்டை நோக்கி இழுக்கின்றன. அந்த இழுப்பே அதை வட்டமிட வைக்கிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் ஆறு மாதம். ஆனால் கோட்டின் நெடுகில் சமநிலை உறுதியற்றது. சில வாரங்களுக்கு ஒருமுறை உந்துபொறியைச் சற்றே இயக்கித் திருத்த வேண்டும்.

இந்தியாவின் ஆதித்யா-எல்1 விண்கலம், 2024 ஜனவரி 6 அன்று எல்1 என்ற மற்றொரு சூரிய-பூமிச் சமநிலைப் புள்ளியைச் சுற்றிய ஹேலோ பாதையில் நிலைகொண்டது.