பன்னிரண்டு நிமிட நீச்சல்: ஓர் அளவுகோலின் வரலாறு

மனிதன் உச்சகட்டமாக எவ்வளவு பிராணவாயுவைச் செலவிட முடியும் என்பதை அளப்பதற்கான கருவி 1911இல் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த க்ளாட் டக்ளஸ் வடிவமைத்த காற்றுப்பை அது. வெளிவிடும் மூச்சு முழுவதையும் அதில் பிடித்து, எஞ்சிய பிராணவாயுவைக் கணக்கிட்டால் உடல் எடுத்துக்கொண்டது எவ்வளவு என்று தெரிந்துவிடும். அந்தப் பையை முதுகில் சுமந்துகொண்டு புல்தரையைச் சுற்றிச் சுற்றி ஓடினார் ஏ.வி. ஹில். வேகம் கூடக் கூடப் பிராணவாயுச் செலவும் கூடி, ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாமல் நின்றுவிடுகிறது என்று 1923இல் லப்டனுடன் சேர்ந்து எழுதினார். அவருடைய உச்சம் நிமிடத்துக்குச் சுமார் 4 லிட்டர். ஏரோபிக் திறன் என்று இன்று நாம் சொல்வதன் வேர் இந்த எண்தான்.

காற்றுப்பை ஆய்வுக்கூடத்தின் சொத்து. ஆயிரக்கணக்கான சிப்பாய்களுக்கு அதை மாட்டிவிட முடியாது. அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் இதற்கு எளிய வழி ஒன்று கண்டார். பன்னிரண்டு நிமிடம் ஓடச் சொல்லி, ஓடிய தூரத்தை மட்டும் அளந்தார். 115 பேரிடம் அவர் நடத்திய சோதனையில் தூரத்துக்கும் ஆய்வுக்கூட அளவுக்குமான ஒட்டுறவு கிட்டத்தட்ட 0.9, முழுப் பொருத்தம் என்றால் 1. அந்தக் கட்டுரை வெளிவந்த 1968லேயே 'ஏரோபிக்ஸ்' என்ற அவருடைய நூலும் வந்தது. (பிற்பாடு அந்தச் சொல் பாட்டுப் போட்டு ஆடும் உடற்பயிற்சியின் பெயராகச் சுருங்கிப்போனது வேறு கதை.)

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஓட முடியாதவர்கள், மூட்டு வலிக்காரர்கள் நீந்தலாமே என்று பன்னிரண்டு நிமிடச் சோதனை நீச்சல்குளத்துக்கும் போயிற்று. இருபதுகளில் இருக்கும் ஆண் 700 கெஜத்துக்கு மேல் நீந்தினால் மிகச் சிறப்பு என்று அட்டவணை சொல்லும். அதாவது சுமார் 640 மீட்டர். அட்டவணை பார்க்க ஓட்டத்துக்கானதைப் போலவே இருக்கிறது. அதனால்தான் ஏமாற்றுகிறது.

தரையில் ஓடும்போது, ஒரே எடையுள்ள இருவர் ஒரு கிலோமீட்டருக்குச் செலவிடும் பிராணவாயுவில் பெரிய வித்தியாசம் இராது. நடக்கத் தெரிந்த எவருக்கும் ஓடத் தெரியும். எனவே தூரம் மூச்சின் அளவைச் சொல்லிவிடுகிறது. தண்ணீர் அப்படியல்ல. கால் தாழ்ந்து, தலை தூக்கி, கையால் நீரை அறைந்துகொண்டு போகிறவர், அதே வேகத்தில் வழுக்கிச் செல்லும் தேர்ந்த நீச்சல்காரரைவிடப் பல மடங்கு உழைக்கிறார். அந்த உழைப்பில் பெரும்பகுதி நீரைக் கலக்குவதிலேயே போய்விடுகிறது.

இதை அறிய ஸ்டாக்ஹோமுக்குப் போக வேண்டும். அங்கே லில்யெஸ்ட்ராண்டும் ஸ்டென்ஸ்ட்ரோமும் ஹில்லுக்கு முன்பே, 1919இல், நீந்துவோரின் பிராணவாயுச் செலவை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அரை நூற்றாண்டுக்குப் பின் அதே ஊரில் ஓஸ்ட்ராண்டும் எங்லெஸ்ஸனும் நீரோடும் தொட்டி ஒன்றை அமைத்து, 1972இல் அதைப் பற்றி எழுதினார்கள். அதில் நீர் ஓடும், மனிதர் இருந்த இடத்திலேயே நீந்துவார். நீருக்கான ட்ரெட்மில் என்று சொல்லலாம். அதே ஆண்டு ஹோல்மரும் ஓஸ்ட்ராண்டும் வெளியிட்ட கட்டுரையில் ஒற்றைக்கரு இரட்டைச் சகோதரிகள் வருகிறார்கள். ஒருத்தி நீச்சல் பயிற்சி உடையவள், மற்றவள் இல்லை. ஓட்டத்தில் இருவரின் உச்ச அளவும் ஏறத்தாழ ஒன்றே. நீரில் இறங்கியதும் பயிற்சி பெற்றவளின் அளவு தெளிவாக மேலே போய்விட்டது. எந்தத் தசைக்குப் பழக்கம் இருக்கிறதோ அதன் வழியாகத்தான் இதயம் தன் பலத்தைக் காட்ட முடியும். இந்த வரலாற்றில் நமக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

1991இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பொழுதுபோக்காக நீந்தும் இளைஞர்களை வைத்துக் குளத்துச் சோதனையை நேரடியாகவே பரிசோதித்தார்கள். மறு ஆண்டு இளம்பெண்களை வைத்து. பன்னிரண்டு நிமிட ஓட்டத்துக்கு ஈடாக இதைக் கொள்ள முடியாது என்பதே முடிவு. ஆனாலும் அட்டவணை இன்றும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. நாற்பது வயதில் நீச்சல் கற்ற ஒருவர் அதில் 'மிக மோசம்' என்ற கட்டத்தில் விழுந்து, தம் இதயத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார். மோசமாக இருப்பது பெரும்பாலும் அவருடைய கால் உதைப்பு.

ஜப்பானில் வகயோஷியும் குழுவினரும் 1992 முதல் வெளியிட்ட வழி இதைவிட நேர்மையானது. 200 மீட்டரையும் 400 மீட்டரையும் தனித்தனியே முழு முயற்சியுடன் நீந்த வேண்டும். முதலாவதுக்கு 5 நிமிடம், இரண்டாவதுக்கு 10 நிமிடம் 40 நொடி என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 200 மீட்டர், 340 நொடி. 100 மீட்டருக்கு 2 நிமிடம் 50 நொடி. ஏறத்தாழ அவர் நெடுநேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகம் அது. லிட்டர் கணக்கு எதுவும் இதில் இல்லை. யாரோடும் ஒப்பிடுவதற்கும் அல்ல. ஆறு மாதம் கழித்து அதுவே 2 நிமிடம் 35 நொடியானால் முன்னேற்றம்தான். முன்னேறியது மூச்சா, கைவீச்சா என்று அறிய விரும்புகிறவர் மட்டும் கரையேறி ஓடிப் பார்க்க வேண்டும்.