திரிபு

பால் திரிந்துவிட்டது என்கிறோம். பஞ்சைத் திரித்தால் விளக்குக்குத் திரி. தேங்காய் நாரைத் திரித்தால் கயிறு. இல்லாததைச் சொல்கிறவர் ‘கயிறு திரிக்கிறார்’. எல்லாவற்றுக்கும் வேர் ‘திரி’. முறுக்குதல், இருந்த நிலையிலிருந்து மாறுதல் என்பவை அதன் பொருள்களில் சில.

இலக்கண வகுப்பிலும் இச்சொல் உண்டு. பல்லும் பொடியும் சேர்ந்து பற்பொடி ஆகும்போது ‘ல்’ ‘ற்’ ஆகிறதே, அது திரிதல் விகாரம்.

இயற்பியல் பாடநூல் இதே சொல்லை எடுத்து ஓர் அளவாக்கியது. விசைக்கு உட்பட்ட திண்மப் பொருள் தன் பழைய அளவோடு ஒப்பிட எவ்வளவு மாறியது என்று காட்டும் விகிதமே திரிபு. 2 மீட்டர் கம்பி 1 மில்லிமீட்டர் நீண்டால் திரிபு 0.0005. நீளத்தை நீளத்தால் வகுப்பதால் அலகு கிடையாது.

பிள்ளைகளுக்கு இதைக் காட்ட ஆய்வகம் வேண்டாம். ரப்பர் பேண்டை இழுத்தால் நீளம் மாறும். பஞ்சுத் துண்டை உள்ளங்கையில் வைத்து எல்லாப் பக்கமும் அழுத்தினால் பருமன் குறையும். தடித்த நோட்டுப் புத்தகத்தை மேசையில் கிடத்தி, மேலட்டையை மட்டும் பக்கவாட்டில் தள்ளினால் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கி, நேராக நின்ற விளிம்பு சாயும். அங்கே பருமன் அப்படியே இருக்க, வடிவம் மட்டும் மாறுகிறது.

விசையை எடுத்ததும் ரப்பர் பழைய நீளத்துக்கு மீள்வது மீட்சி. களிமண் உருண்டையில் விரல் பதித்த குழி அப்படியே நிற்கும். சிறிய திரிபுகளில் நீட்சி விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதை இங்கிலாந்தின் இராபர்ட் ஹூக் 1678-இல் விளக்கி எழுதினார்.