விருதுப் பட்டியலில் கண்ட கவிகள்

தாகூரின் பெயரே 1913-ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்த பிறகுதான் பாரதமெங்கும் பரவிற்று என்றால், அத்தகைய கீர்த்தி வாய்க்காத மற்ற பிராந்தியக் கவிகளை நாம் அறியாதிருந்ததில் வியப்பென்ன? 1954-ல் தோன்றிய சாகித்திய அகாதெமி, மறு வருஷம் முதல், ஐயாயிரம் ரூபாய்ப் பரிசுக்குரிய நூல்களை மொழிவாரியாகத் தேர்ந்து வெளியிட்ட பட்டியல் அந்தக் குறையை ஓரளவு போக்கிற்று. மொழி, நூல், ஆசிரியர் என ஒற்றை வரிதான். ஆனால் கம்பனில் ஊறிய தமிழ் ரசிகர், நம் காலத்திலேயே குவெம்பு கன்னடத்தில் ராமாயண மகாகாவியம் ஒன்றை இயற்றியிருக்கிறார் என்பதை உணர அந்த ஒரு வரியே போதுமானதாக இருந்தது.

அதே 1955-ஆம் வருஷத்து வங்காள வரியில் இருந்த ஜீவனானந்த தாஸ், பரிசு அறிவிக்கப்பட்டபோது உயிரோடில்லை. 1954 அக்டோபரில் கல்கத்தா வீதியொன்றில் டிராம் வண்டி மோதி, எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து மாண்டவர் அவர். பட்டியல் சுட்டியதோ ‘சிரேஷ்ட கவிதா’ என்ற தேர்ந்தெடுத்த தொகுதியை மட்டுமே. அவர் ஒருவருக்கும் காட்டாமல் எழுதி வைத்திருந்த நாவல்களும் கதைகளும் மரணத்துக்குப் பின்னரே அச்சேறின.

அகாதெமிக்கு வெளியேயும் இத்தகைய அறிமுகம் உண்டு: 1965-ல் முதல் ஞானபீடப் பரிசு மலையாளக் கவி சங்கர குருப்பின் ‘ஓடக்குழல்’ தொகுதிக்குக் கிடைத்தது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு அதே பெயரில் அவர் ஒரு விருதை நிறுவினார். பரிசு பெற்றவர்கள் பலரிடத்தும் காணக் கிடைக்காத பெருந்தன்மை இது.

அகாதெமிப் பட்டியலில் நம் தமிழ் வரிசையோ விசித்திரமானது. உரைநடைக்கே முதலிடம் கொடுத்து வந்த அகாதெமி, கவிதை நூல் ஒன்றுக்குப் பரிசளிக்க 1968 வரை, அதாவது அ. சீனிவாசராகவனின் ‘வெள்ளைப் பறவை’ வரை, காத்திருந்தது. மறு ஆண்டு, காலஞ்சென்ற பாரதிதாசனுக்கு அளித்ததும் ‘பிசிராந்தையார்’ என்ற நாடகத்துக்காகவே. 1980-ல் கண்ணதாசனுக்கோ ‘சேரமான் காதலி’ என்ற நாவலுக்காக! இப்பட்டியலை மட்டும் நம்பிவரும் வடநாட்டு வாசகர், முன்னவரை நாடகாசிரியர் என்றும் பின்னவரை நாவலாசிரியர் என்றும் எண்ணுவாராயின் குற்றம் அவருடையதன்று. அப்படி ஒருவர் உங்களிடம் வந்து பாரதிதாசனைப் பற்றி விசாரித்தால், தயை செய்து ‘அழகின் சிரிப்பு’ என்ற அவர் கவிதை நூலை எடுத்து நீட்டுங்கள்.